நண்டுக் கம்பி

உம்மு சல்மாவுக்குச் செங்கல்பட்டிலிருந்து சம்பந்தம் வந்தபோது, மாப்பிள்ளை என்ன வேலை பார்க்கிறான் என்று அவள் அம்மா சைனம்பு கேட்கவில்லை. குணம் எப்படி, குடும்பம் எப்படி என்றும் கேட்கவில்லை. தூது வந்த அம்மாளை உட்காரவைத்து, டீத்தண்ணி கொடுத்து, ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்.

"வூட்ல கக்கூஸ் கீதா?"

தூது வந்தவளுக்கு முகம் சுருங்கிவிட்டது. நல்ல காரியம் பேச வந்த இடத்தில் இது என்ன பேச்சு! இருந்தாலும் பதில் சொன்னாள்.

"கீதும்மா. இப்பத்தான் புதுசா கட்டிகினு கீறாங்க. தண்ணி ஊத்துனா தானாப் போயிடுமாம்."

"அப்ப சரி" என்று சைனம்பு எழுந்துவிட்டாள். மற்றதை ஆண்கள் பேசிக்கொள்ளட்டும் என்று உள்ளே போய்விட்டாள்.

இதைக் கேள்விப்பட்டவர்கள் சிரித்தார்கள். சிரித்தவர்கள் அத்தனை பேரும் ஆண்கள் என்பதையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். சைனம்புவின் ஊரான கடப்பாக்கத்தில் பெண்ணாகப் பிறந்தவள் வெளிச்சம் வருவதற்குள் கோட்டை இடிபாட்டுப் பக்கம் ஒதுங்கிவிட்டுத் திரும்ப வேண்டும். தவறினால் பொழுது சாயும்வரை பல்லைக் கடித்துக்கொண்டிருக்க வேண்டும். வயிற்றுக்குத் தெரியுமா நேரமும் காலமும்? அடக்கி அடக்கியே உடம்பைக் கெடுத்துக்கொண்டவள் சைனம்பு. பகலில் தாகமெடுத்தால்கூட வாயை நனைத்துக்கொள்வதோடு சரி. நம் மகளாவது வேண்டும்போது போய்விட்டு வரட்டும் என்று ஒரு தாய் நினைத்தால் அதில் சிரிக்க என்ன இருக்கிறது?

ஆக, எழுபத்து நாலாம் வருஷம் உம்மு சல்மா செங்கல்பட்டுக்கு மருமகளாக வந்தாள். மாமனார் ஜெயினுலாபுதீனுக்கு பஜாரில் கயிறு, சாக்கு வியாபாரம். கணவன் நூர்முகமது ஜி.எஸ்.டி. ரோட்டில் லாரி ஷெட்டில் மெக்கானிக். மாமியார் ஃபக்ருன்னிசா அதிகம் பேசாதவள். பேசாத மாமியார் பேசுகிற மாமியாரைவிடப் பொல்லாதவள் என்று ஊரில் சொல்லி அனுப்பியிருந்தார்கள். அதனால் சல்மா அவளிடம் பேசும்போதெல்லாம் தரையைப் பார்த்தே பேசினாள்.

கொல்லைப்புறத்தில் இரண்டு கக்கூஸ்கள் பக்கத்தில் பக்கத்தில் நின்றன. ஒன்று பழைய எடுப்புக் கக்கூஸ். சந்துப் பக்கமிருந்த தகரக் கதவைத் திறந்து, அடியில் இருக்கும் வாளியைப் பொன்னி என்கிற பெண் தினமும் வந்து அள்ளிக்கொண்டு போவாள். அதற்கு இப்போது பலகை அறைந்திருந்தது. இன்னொன்று புதிது. வெள்ளைப் பேசின், கால் வைக்க இரண்டு மேடை, உள்பக்கம் தாழ்ப்பாள், மூலையில் தண்ணீர்த் தொட்டி. முதல் நாள் உள்ளே போய்த் தாழ்ப்பாளைப் போட்டுக்கொண்டபோது சல்மாவுக்கு அழுகையே வந்துவிட்டது. வெளியே நடுப்பகல் வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது. யாரும் வரமாட்டார்கள். யார் வந்தாலும் கதவு இருக்கிறது. அம்மா, நீ கெட்டிக்காரி என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டாள்.

ஆனால் பேசினை எப்படிப் பயன்படுத்துவது என்று ஒரு புது மருமகளிடம் யார் சொல்வார்கள்? கட்டிக் கொடுத்த கொத்தனார் அருணகிரி எல்லாம் விவரமாகச் சொல்லிவிட்டுத்தான் போனார். "தண்ணியத் தவிர வேற எதையும் போட்டுடாதீங்க. உள்ள குழாயி வளஞ்சி கீது" என்று. யாரிடம் சொன்னார்? முற்றத்தில் நின்ற ஆண்களிடம். அவர்கள் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டு, அதோடு மறந்துபோனார்கள். வீட்டுப் பெண்ணிடம் கக்கூஸ் விஷயம் பேசுவது மரியாதையா என்ன?

சல்மாவுக்குத் தெரிந்த மரியாதை வேறு. கடப்பாக்கத்தில் காரியம் முடிந்ததும் மண்ணைத் தள்ளி மூடிவிட்டு வர வேண்டும். மூடாமல் வந்தால் அம்மா காதைத் திருகுவாள். "பூனகூட மூடிட்டுப் போவுதுடி!" என்பாள். புது வீட்டிலும் அவள் அந்த ஒழுக்கத்தை விடவில்லை. கட்டட வேலையில் மிச்சமான பாலாற்று மணல் கிணற்றடியில் குவியலாகக் கிடந்தது. கொட்டாங்கச்சியில் கொஞ்சம் அள்ளி முந்தானையில் மறைத்து எடுத்துப்போவாள். முடிந்ததும் தூவுவாள். பிறகு தண்ணீரும் ஊற்றுவாள். அடுத்து வருபவர் முகம் சுளிக்கக் கூடாதே என்கிற நல்ல எண்ணம்தான். நல்ல எண்ணம் குழாய்க்குள் போய் எங்கே உட்காரும் என்று அவள் கண்டாளா?

மூன்று மாதம் பொறுத்த பேசின் ஒரு புதன்கிழமை மறுத்துவிட்டது. ஊற்றிய தண்ணீர் இறங்காமல் மேலே ஏறி நின்றது. நூர்முகமது மூங்கில் பத்தை ஒன்றைச் செதுக்கிக் கொண்டுவந்து குத்திப் பார்த்தான். பத்தை கொஞ்ச தூரம் போய் வளைவில் முட்டி நின்றது. ஓங்கிக் குத்தினான். சட்டையெல்லாம் தெறித்ததுதான் மிச்சம். வியாழக்கிழமையும் அதே கதை. வீட்டில் எல்லோரும் அக்கம்பக்கத்து வீடுகளுக்குச் சொம்பும் கையுமாக அலைய வேண்டியதாயிற்று. அந்த அவமானம் ஜெயினுலாபுதீனின் தலைக்கு ஏறிவிட்டது.

"தொரைங்க வூட்டு சமாச்சாரம் நமக்கு இன்னாத்துக்குடா? பேஜாரு புடிச்ச வேல!" என்று முற்றத்தில் நின்று கத்தினார். "நாளிக்கு ஜும்மா முடிஞ்சதும் அருணகிரிய இட்டாறேன். இத்த ஒடச்சிப் போட்டுட்டுப் பழசையே தொறந்துக்கலாம். பொன்னிக்குச் சொல்லி அனுப்பு, மறுபடியும் வரட்டும்."

அடுப்படியில் நின்ற சல்மாவின் காதில் அது விழுந்தது. உடைக்கப் போகிறார்கள். தாழ்ப்பாளும் வெள்ளைப் பேசினும் போய்விடும். பலகையைப் பிரித்து அந்த இருட்டுப் பொந்தைத் திறப்பார்கள். உட்கார்ந்திருக்கும்போது கீழே யாரோ தகரத்தைத் தூக்குவார்கள். இத்தனைக்கும் காரணம் தான்தான் என்பதும் அவளுக்குத் தெரிந்துவிட்டது. வளைந்த குழாய்க்குள் மணல் போனால் வேறென்ன ஆகும்? கணவனிடம் சொல்லலாம் என்று வாயைத் திறந்தாள். அவன் அலுப்போடு, "அத்தா சொன்னா சொன்னதுதான், வுடு" என்று திரும்பிப் படுத்துவிட்டான். சொல்லியிருந்தாலும் என்ன? வந்த மூன்றே மாதத்தில் மருமகள் வீட்டில் மண்ணள்ளிப் போட்டுவிட்டாள் என்று ஊர் பேசும். அது வெறும் வசவாகக்கூட இருக்காது, நடந்ததே அதுதான்.

வெள்ளிக்கிழமை வெயில் உச்சிக்கு வந்தது. ஆண்கள் குளித்து, அத்தர் பூசி, பள்ளிவாசலுக்குப் புறப்பட்டுவிட்டார்கள். மாமியார் அறைக்குள் தொழுகைப் பாயை விரித்தாள். அவள் தொழுது முடித்தாலும் உடனே எழுந்து வருகிறவள் அல்ல. கொல்லைப்புறத்தில் யாரும் இல்லை.

சல்மா முந்தானையை இடுப்பில் இழுத்துச் செருகிக்கொண்டாள்.

நூர்முகமது ஷெட்டிலிருந்து கொண்டுவந்து போடும் பழைய சாமான்கள் மாட்டுக்கொட்டகை மூலையில் கிடந்தன. இதை எறிவானா, அதை எறிவானா? ஒரு நட்டைக்கூட எறியமாட்டான். அந்தக் குவியலைக் கிளறியபோது லாரியின் ஸ்பீடாமீட்டர் கேபிள் ஒன்று கிடைத்தது. வண்டி எத்தனை வேகத்தில் ஓடுகிறது என்று முள்ளுக்குச் சேதி சொல்லும் கம்பி. மேலுறையிலிருந்து உருவியெடுத்தாள். மெல்லிய இரும்பு இழைகளை முறுக்கிச் செய்த நீளமான கம்பி, கையில் பாம்பு போல நெளிந்தது. வளைத்தால் வளைந்தது, விட்டால் நிமிர்ந்தது. அதைப் பார்த்ததும் அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அட, இது நண்டுக் கம்பியல்லவா!

கடப்பாக்கத்துக் கழிமுகத்தில் நண்டு பிடிக்காத பிள்ளைகள் கிடையாது. நண்டு வளை நேராகவா போகும்? வளைந்து நெளிந்து சேற்றுக்குள் எங்கேயோ போகும். முனையில் கொக்கி வைத்த கம்பியை உள்ளே விட்டு, கண்ணால் பார்க்காமல் விரலால் பார்க்க வேண்டும். முட்டினால் குத்தக் கூடாது. கொஞ்சம் திருப்பி, கொஞ்சம் தளர்த்தி, வழி கேட்டுக்கொண்டே போக வேண்டும். குத்தினால் வளை இடியும், நண்டும் போகும். நூர்முகமது அந்தப் பேசினை இரண்டு நாளாகக் குத்திக்கொண்டிருந்தான். பாவம், மெக்கானிக்குக்கு நண்டு தெரியுமா?

கல்லின் மேல் வைத்துத் தட்டிக் கம்பியின் முனையைச் சிறு கொக்கியாக மடக்கினாள். பிடித்துக்கொள்ள மறுமுனையில் ஒரு விறகுச் சுள்ளியைக் கட்டினாள். மூக்கைச் சுற்றித் துணியைக் கட்டிக்கொண்டு, தகர டப்பாவால் தேங்கி நின்ற தண்ணீரை மொண்டு வாளியில் ஊற்றினாள். நாற்றம் தாங்கவில்லை. இரண்டு முறை வெளியே ஓடிவந்து மூச்சு வாங்கினாள். "அல்லாவே, இந்த ஒரு தடவ கைவுட்டுடாத" என்று சொல்லிக்கொண்டே மறுபடியும் உள்ளே போனாள்.

"பிஸ்மில்லா" என்று கம்பியை விட்டாள். சல்லென்று இறங்கி வளைவில் முட்டியது. அவள் குத்தவில்லை. சுள்ளியை மெல்லத் திருகினாள். கம்பி மேலே ஏறியது, அடுத்த வளைவைத் தேடியது, பிறகு நறநறவென்று ஒரு சத்தம். விரலுக்கு உடனே தெரிந்துவிட்டது. மணல்!

திருகினாள், இழுத்தாள். கொக்கியோடு கொஞ்சம் வந்தது. மறுபடியும் விட்டாள், மறுபடியும் இழுத்தாள். வாளியின் அடியில் பாலாற்று மணல் சேரத் தொடங்கியது. தன் குற்றம் தன் கண் முன்னால் படிப்படியாக மேலே வந்துகொண்டிருப்பதைப் பார்க்க அவளுக்கு வெட்கமாகவும் இருந்தது, நிம்மதியாகவும் இருந்தது. ஆனால் மணலுக்குப் பின்னால் வேறு ஏதோ இருந்தது. கம்பி அதில் வழுக்கியது. கல்லா, கட்டியா என்று புரியவில்லை. எத்தனை திருகியும் அசையவில்லை. வியர்வை கண்ணுக்குள் இறங்கியது.

"இன்னாடி பண்ணிகினு கீற?"

வாசலில் ஃபக்ருன்னிசா நின்றுகொண்டிருந்தாள். தலையில் தொழுகைத் துப்பட்டி அப்படியே இருந்தது.

சல்மா கம்பியை வெளியே உருவிக் கீழே போட்டாள். மூக்குத் துணியைக்கூட அவிழ்க்காமல் அழுதாள். அடக்கி வைத்ததெல்லாம் ஒரே மூச்சில் கொட்டிவிட்டது.

"நான்தான் மாமி. மண்ணு போட்டது நான்தான். எங்க ஊர்ல போட்டு மூடுவோம். இங்க போடக் கூடாதுன்னு எனக்குத் தெரியாது மாமி. மாமாகிட்ட சொல்லாதீங்க. இத்த ஒடைக்க மட்டும் வேணாம்னு சொல்லுங்க மாமி. என்ன வேணா திட்டுங்க."

மாமியார் குனிந்து வாளியைப் பார்த்தாள். பிறகு கம்பியின் கொக்கியில் ஒட்டியிருந்ததைப் பார்த்தாள். அதில் மணல் மட்டும் இல்லை. சாம்பல் நிறத்தில், களிம்பு போல, இறுகிப்போன ஏதோ ஒன்று அப்பிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்ததும் அவள் முகம் மாறியது. சுவரைப் பிடித்துக்கொண்டு மெல்ல வாசற்படியில் உட்கார்ந்தாள்.

"இது மண்ணு இல்லடி" என்றாள். "சாம்ப."

சல்மாவுக்குப் புரியவில்லை.

"நான் போட்டது. அடுப்புச் சாம்ப. டால்டா டப்பால வெச்சிகினு போயி டெய்லி போட்டுகினுதான் கீறேன்." ஃபக்ருன்னிசா முகத்தைத் துப்பட்டியால் துடைத்துக்கொண்டாள். "நான் இந்த வூட்டுக்கு வந்த புதுசு. பழசுல குந்திகினு கீறேன், பின்னால தகரம் தொறக்குது. பொன்னியோட மாமியா. அவ என்னப் பாத்தா, நான் அவளப் பாத்தேன். செத்துடலாம் போல ஆயிடிச்சி எனக்கு. அப்பால யோசிச்சேன். எனக்கு ஒரு நிமிசம் வெக்கம், அவளுக்கு தெனமும் இதான பொழப்பு? அள்ளுறவளும் மனுசிதான? அன்னிலருந்து சாம்ப போட்டு மூடாம நான் வெளிய வந்ததில்ல. இப்ப அள்ளுறதுக்கு ஆளே வாணாம், தண்ணியே இட்டுகினு பூடுதுன்னு எனக்குத் தெரியாமயா? தெரியும். ஆனா கை கேக்கல."

இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒருத்தி மணல் போட்டாள், இன்னொருத்தி சாம்பல் போட்டாள். இரண்டும் ஈரத்தில் குழைந்து சுண்ணாம்புக் காரை மாதிரி கெட்டித்துவிட்டன. அருணகிரி கொத்தனார்கூட அத்தனை உறுதியாகப் பூசியிருக்க மாட்டார். இவர்கள் இரண்டு பேரின் மரியாதைதான் அந்தக் குழாயை அடைத்துக்கொண்டிருந்தது.

முதலில் சிரித்தது யார் என்று தெரியவில்லை. பேசாத மாமியார் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். சல்மா அழுதுகொண்டே சிரித்தாள். இந்த மூன்று மாதத்தில் அவள் மாமியாரின் முகத்தை நேருக்கு நேர் பார்த்தது அதுதான் முதல் தடவை. சிரித்தால் கன்னத்தில் குழி விழுகிற முகம்.

"பொன்னிய மறுபடியும் கூப்புடுன்றாரு உங்க மாமா" என்றாள் ஃபக்ருன்னிசா, சிரிப்பு அடங்கியதும். "வாணாம்டி. அவ இந்த சந்துக்கு வர்றத வுட்ட அன்னிக்குத்தான் எனக்கு நெஞ்சு ஆறிச்சி. எழுந்துரு. அவுங்க வர்றதுக்குள்ள எடுத்துடணும்."

துப்பட்டியை அவிழ்த்துக் கொடியில் போட்டாள். அடுப்படியில் கொதித்துக்கொண்டிருந்த வெந்நீரை அப்படியே தூக்கிக்கொண்டு வந்தாள். கணவரின் கடையிலிருந்து வந்த சாக்குத் துண்டைத் துடைப்பக் கட்டையின் முனையில் பந்து போலச் சுற்றிக் கயிற்றால் இறுக்கிக் கட்டினாள். வேலை தெரிந்த கை. வெந்நீரை ஊற்றுவது, சாக்குப் பந்தை பேசின் வாயில் வைத்து அமுக்கி இழுப்பது, அது மாமியாரின் பங்கு. கம்பியை விட்டுத் திருகுவது மருமகளின் பங்கு.

"பாத்து, பாத்து! குத்தாத!"

"குத்தல மாமி. கொக்கி மாட்டிகினு கீது."

"அப்ப வுட்றாத! நான் அமுக்குறேன், நீ இழு!"

சாம்பல் கட்டி இளகியது. முதலில் பொடிப்பொடியாக வந்தது. பிறகு பெரிய துண்டாக ஒன்று கம்பியோடு வந்து விழுந்தது. சல்மா மறுபடியும் கம்பியை விட்டாள். இந்தத் தடவை அது எங்கும் நிற்கவில்லை. கையிலிருந்த சுள்ளி பேசினைத் தொடுகிறவரை போய்க்கொண்டே இருந்தது. ஃபக்ருன்னிசா தொட்டித் தண்ணீரை ஒரு வாளி நிறைய மொண்டு ஊற்றினாள். தண்ணீர் ஒரு கணம் தயங்கிச் சுழன்றது. பிறகு மடமடவென்று இறங்கிப் போய்விட்டது. வளைவில் தெளிந்த தண்ணீர் கொஞ்சம் மட்டும் நின்றது, கட்டிய முதல் நாளில் நின்றது போலவே.

"மாஷா அல்லா!" என்று கத்தினாள் ஃபக்ருன்னிசா. பக்கத்து வீட்டுக்குக் கேட்டிருக்கும். கேட்கட்டும்.

வாளியில் சேர்ந்ததை முருங்கை மரத்தடியில் ஆழமாகக் குழி தோண்டிப் புதைத்தார்கள். ஃபினாயில் ஊற்றித் தரையைக் கழுவினார்கள். கிணற்றடியில் ஒருவர் மாற்றி ஒருவர் தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டார்கள். சல்மாவின் முதுகை மாமியாரே சோப்புப் போட்டுத் தேய்த்துவிட்டாள். ஈரத் தலையோடு இருவரும் துணி மாற்றிக்கொண்டு வெளியே வரவும், முன்வாசலில் செருப்புச் சத்தம் கேட்கவும் சரியாக இருந்தது.

ஜெயினுலாபுதீன், நூர்முகமது, தோளில் கடப்பாறையோடு அருணகிரி கொத்தனார் மூவரும் கொல்லைக்கு வந்தார்கள். கக்கூஸ் வாசலில் ஃபக்ருன்னிசா வழிமறித்து நின்றாள்.

"ஒடைக்க வாணாம். சரியாயிடிச்சி."

ஜெயினுலாபுதீன் நம்பவில்லை. உள்ளே எட்டிப் பார்த்தார். பேசின் பளிச்சென்று இருந்தது. நூர்முகமது ஒரு வாளித் தண்ணீரை ஊற்றிப் பார்த்தான். போயிற்று. இன்னொரு வாளி ஊற்றினான். அதுவும் போயிற்று. கொடியில் காய்ந்துகொண்டிருந்த ஸ்பீடாமீட்டர் கேபிளை அடையாளம் கண்டுகொண்டு வாயைப் பிளந்தான்.

"யாரு எடுத்தது? முனிசாமியக் கூப்புட்டியா?" என்று கேட்டார் மாமனார். முனிசாமி என்பவன் பொன்னியின் புருஷன்.

சல்மா மாமியாரின் பின்னாலிருந்து ஒரு அடி முன்னால் வந்தாள். பயமாகத்தான் இருந்தது. இருந்தாலும் சொன்னாள்.

"நான்தான் மாமா எடுத்தேன்."

"நீயா? நம்ம வூட்டு மருமவ கக்கூஸ்ல கைய வெச்சாளா? நாலு பேருக்குத் தெரிஞ்சா இன்னா சொல்லுவாங்க? ஏன், அடச்சது யாரு, அத்தச் சொல்லு மொதல்ல!"

ஃபக்ருன்னிசா குரலை உயர்த்தவில்லை. ஆனால் அந்த வீட்டில் யாரும் அவள் அப்படிப் பேசிக் கேட்டதில்லை.

"அடச்சது நானும் இவளும். எடுத்ததும் நானும் இவளும். இதுல உங்களுக்கு இன்னா வேல? நம்ம வூட்டுது, நம்ம கையி எடுத்துச்சி. இதுக்குன்னு இன்னொருத்தி வூட்டுப் பொண்ணு வரணுமா? அண்ணாத்த, நீங்க கடப்பாறைய வெச்சிட்டு மோர் குடிச்சிட்டுப் போங்க. இனிமே எது சொல்றதா இருந்தாலும் எங்களாண்ட சொல்லுங்க, இவுங்களாண்ட சொல்லாதீங்க."

அருணகிரி கடப்பாறையைச் சுவரில் சாய்த்தார். "சரிம்மா" என்றார். வேறு என்ன சொல்ல முடியும்?

ஜெயினுலாபுதீனுக்குக் கோபம் இருந்தது. ஆனால் கோபத்தைவிட அவசரம் அதிகமாக இருந்தது. இரண்டு நாளாக அவரும்தானே அலைகிறார்! பேச்சை அப்படியே விட்டுவிட்டுச் சொம்பை எடுத்துக்கொண்டு கதவை நோக்கி நடந்தார். காலையில் முதலில் அவர் போவார், பிறகு மகன், பிறகு மனைவி, எல்லோரும் போன பிறகுதான் மருமகள். அந்த வீட்டில் அதுதான் வரிசை, அதை யாரும் எழுதி வைக்கவில்லை.

"இருங்க" என்றாள் ஃபக்ருன்னிசா.

அவர் நின்றார்.

"மொதல்ல அவ போயிட்டு வரட்டும்."

சல்மாவுக்குக் காது சூடாகிவிட்டது. வேண்டாம் மாமி என்று சொல்ல நினைத்தாள். மாமியார் அவள் முதுகில் கைவைத்து மெல்லத் தள்ளினாள். "போடி. மெதுவா வா. ஒண்ணும் அவசரமில்ல."

சல்மா மணல் கொட்டாங்கச்சி இல்லாமல் வெறுங்கையோடு உள்ளே போய்த் தாழ்ப்பாளைப் போட்டாள். வெளியே மாமனார் ஒருமுறை கனைத்தார். பிறகு சொம்பைக் கீழே வைத்துவிட்டு, முருங்கை நிழலில் கிடந்த கயிற்றுக் கட்டிலில் போய் உட்கார்ந்து காத்திருந்தார்.